பேசாமல் பறிக்கும் தூதுவளை

சமையலறைத் தரையில் மல்லாந்து கிடந்தேன். கரண்டி மாட்டும் ஆணிகள் தலைக்கு நேர் மேலே வரிசையாகத் தெரிந்தன. இடது கணுக்காலில் வேறு யாருடைய காலையோ கொண்டுவந்து ஒட்டிவிட்ட மாதிரி இருந்தது.

காலை ஐந்தரை மணி இருக்கும். டிகாஷன் இறக்கும்போது கொஞ்சம் சிந்திவிட்டது. துடைக்கத் துணி எடுக்கலாம் என்று திரும்பியவள், சிந்திய டிகாஷனிலேயே வழுக்கி விழுந்தேன். எஸ்டேட் டிஸ்பென்சரியில் முப்பது வருஷத்துக்கு மேல் நர்சாக இருந்தவள் நான். வழுக்கி விழுந்து வருகிறவர்களை எல்லாம், "கண்ணு எங்க இருந்துச்சு, பொடனியிலயா?" என்று கேட்டுவிட்டுத்தான் கட்டுப் போடுவேன். அன்றைக்கு அந்தக் கேள்வியை என்னிடம் கேட்க ஆள் இல்லை.

போன் முன்னறையில் இருந்தது. நகர்ந்து பார்த்தேன். கண் முன்னால் பூச்சி பறந்தது. பால்காரர் சவுரிமுத்து ஏழு மணிக்கு வருவார். ஆனால் முந்தைய நாளே, "நாளைக்குச் சேலத்துல ஒரு கண்ணாலமுங்க, பால் வராதுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவரை விட்டால் என் வீட்டுக் கதவைத் தட்ட யாரும் கிடையாது.

அப்போது வெளியே இரும்புக் கேட்டைத் திறக்கும் கொண்டிச் சத்தம் காதில் விழுந்தது. அலமேலு. கம்பி வேலியில் படர்ந்திருக்கும் தூதுவளையைப் பறிக்கத் தினமும் அந்த நேரத்துக்கு வருகிறவள். இலை கிள்ளும் சத்தம்கூட எனக்குக் கேட்டது, அல்லது கேட்டதாக நினைத்துக்கொண்டேன். ஒரு குரல் கொடுத்தால் போதும், ஓடி வந்துவிடுவாள்.

வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன்.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும். இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்கு, நான் எதையும் நேராகச் சொல்லிப் பழக்கமில்லாதவள் என்பது தெரியும். புதிதாக வந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் தரையில்தான் கிடக்கிறேன், எங்கும் போய்விட மாட்டேன்.

தெர்மாமீட்டரின் இன்னொரு உபயோகம்

எங்கள் டிஸ்பென்சரி தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. மழைக்காலத்தில் உள்ளே பேசுவது உள்ளே இருப்பவர்களுக்கே கேட்காது. அப்படியும் பேசுவோம். காய்ச்சல் என்று வருகிறவர்கள் காய்ச்சலை மட்டும் சொல்லிவிட்டுப் போக மாட்டார்கள். மாமியார் சொன்னது, பக்கத்து லைன் வீட்டுக்காரி சொன்னது, ஆடு காணாமல் போனது எல்லாம் வரும். நானும் சளைத்தவள் இல்லை. வரிசை வாசலைத் தாண்டி நீளும்போதுதான் எனக்குக் கடமை ஞாபகம் வரும். தெர்மாமீட்டரை உதறி, "நாக்குக்கு அடியில வை, பேசுனா ஒடஞ்சுரும்" என்பேன். இரண்டு நிமிஷம் அமைதி கிடைக்கும்.

என் வீட்டுக்காரர் அதே எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தார். "ஊட்டுக்கும் ஒண்ணு கொண்டாந்து வெச்சா நல்லாருக்கும்" என்பார். யாருக்காக என்று கேட்க வேண்டியதில்லை.

பச்சிலை வைத்தியம் என்றால் அப்போது எனக்கு ஆகவே ஆகாது. புண்ணில் எதையாவது அரைத்து அப்பிக்கொண்டு வருவார்கள். திட்டிக்கொண்டே கழுவுவேன். மடியில் இலை முடிந்திருப்பது தெரிந்தால் பிடுங்கிக் குப்பையில் போடுவேன். அதனால் என்ன ஆனது என்றால், அவர்கள் இலையை விடவில்லை, என்னிடம் காட்டுவதை விட்டுவிட்டார்கள். இது எனக்குப் புரிய அத்தனை வருஷம் ஆயிற்று.

நான் ஓய்வு பெற்றதும் டிஸ்பென்சரியை மூடிவிட்டார்கள். அடுத்த மழைக்காலத்தில் என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சுக்குப் போய் வந்த பிறகு போன் செய்வாள். கொட்டச்சேடு போகிற வழியில் நாங்கள் கட்டிய சின்ன வீட்டுக்கு இரண்டு பக்கமும் இப்போது ஹோம்ஸ்டே. சனி ஞாயிறு ஸ்பீக்கர் அலறும். மற்ற ஐந்து நாளும் பூட்டுத் தொங்கும். அந்த ஐந்து நாளும் எங்கள் தெருவின் மொத்த ஜனத்தொகை நான்தான்.

பேசிப் பேசியே வாழ்ந்தவளுக்கு இது என்ன தண்டனை என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. குக்கரைத் திட்டுவேன். ரேடியோவில் செய்தி வாசிப்பவருக்குப் பதில் சொல்வேன். சவுரிமுத்து பால் ஊற்றும் இரண்டு நிமிஷத்தை மூன்றாக்க, "மாடு எப்படி இருக்குது?" என்று தினமும் கேட்பேன். மாடு நன்றாகத்தான் இருக்கும்.

ஆளைப் பிடிக்க ஒரு செடி

கிளியூர் போகும் பஸ்ஸிலிருந்து ஒரு வீட்டைப் பார்ப்பேன். வாசலில் மருந்துச் செடியாக வைத்திருந்தார்கள். எப்போது பார்த்தாலும் அந்த வேலி ஓரம் யாராவது நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு யோசனை வந்தது அங்கேதான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் தூதுவளை வைத்தது நோயாளிக்காக இல்லை, ஆளுக்காக.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிய தூதுவளைக் கீரைக்கட்டுக்குள் சிவந்த பழம் இரண்டு இருந்தது. நசுக்கி, விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்து, டிஸ்பென்சரியிலிருந்து கொண்டுவந்த, பஞ்சும் கத்தரியும் வைக்கிற பழைய கிட்னி ட்ரேயில் மண் போட்டு விதைத்தேன். அதன் அடியில் ஓட்டை கிடையாது என்பது நர்சுக்குத் தெரியும், தோட்டக்காரிக்குத் தெரியவில்லை. எல்லாம் அழுகிப்போனது. அடுத்த முறை பால் பாக்கெட்டில் ஓட்டை போட்டு விதைத்தேன். நான்கு முளைத்தன.

இங்கே பனிமூட்டம் சில நாள் பத்து மணி வரை விலகாது. தூதுவளைக்கு வெயில் வேண்டும். வீட்டுக்குப் பின்னால் வைத்த இரண்டும் இலையில் பூசணம் பூத்துச் செத்தன. காலை வெயில் விழும் முன்பக்கக் கம்பி வேலியில் வைத்த இரண்டும் பிழைத்தன. மட்கிய காப்பித் தோலை வேரில் போட்டேன். கொடி கம்பியைப் பிடித்துவிட்டால் அப்புறம் நம் உதவி அதற்குத் தேவையில்லை. தண்டில் முள், இலையின் நடு நரம்பில் முள். நம் புடவையைப் பிடித்தால் நாம்தான் நின்று கெஞ்ச வேண்டும்.

முதலில் நானே சமைத்துப் பார்த்தேன். காலில் முள் எடுக்கிற இடுக்கியால் இலையின் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து, நெய்யில் வதக்கி, உளுந்து, மிளகாய், புளி சேர்த்துத் துவையல். கசப்பு நாக்கில் கொஞ்ச நேரம் நின்று, சோறு இறங்க இறங்கப் போய்விடுகிறது. சளி கட்டிய நெஞ்சுக்கு இதமாகத்தான் இருந்தது. முப்பது வருஷம் குப்பையில் போட்டவள் ஒத்துக்கொள்ள வேண்டியதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு ஆளுக்குத் துவையல் அரைத்தால் மிக்ஸியின் பிளேடு வரைக்கும்கூட வருவதில்லை.

இரண்டாம் வருஷம் வேலியே தெரியாமல் கொடி மூடியது. கத்திரிப்பூ நிறத்தில் பூ, கொத்துக் கொத்தாகக் காய். "ஆருக்கு வேணும்னாலும் வந்து பறிச்சுக்கச் சொல்லுங்க" என்று சவுரிமுத்துவிடம் சொல்லி அனுப்பினேன். கூடுதலாக நான்கு டம்ளர் வாங்கி வைத்தேன்.

வந்தார்கள், பேசவில்லை

முதலில் வந்தவர் குரங்குக் குல்லாய் போட்ட ஒரு பெரியவர். பொழுது விடிவதற்கு முன்னாலேயே வந்துவிட்டார். நான் டம்ளரில் காப்பியோடு ஓடினேன். "வாங்க, வாங்க. ஆருக்குச் சளி? எத்தன நாளா?"

பாம்பைப் பார்த்தவர்போல என்னைப் பார்த்தார். பறித்த இலையை வாசல் கேட்டின் தூண் மேல் வைத்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் ஒரு சின்னப் பெண். அவளிடமும் அதே கேள்வி. அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டது. இலையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். அதற்கடுத்த நாள் யாரும் வரவில்லை.

சவுரிமுத்து பாலோடு சிரிப்பையும் சேர்த்துக் கொண்டுவந்தார். "ஏனுங்க நர்சம்மா, பறிக்க வந்தவங்ககிட்டப் பேச்சுக் குடுத்தீங்களாமா?"

"வந்தவங்கள வாங்கன்னு கேக்கறது தப்பா?"

"தூதுவளய மருந்துக்குப் பறிக்கறப்ப வாயத் தொறக்கக் கூடாதுங்க. பொழுது கெளம்பறதுக்குள்ள பறிச்சு, ஊடு போயி அடுப்புல வெக்கிற மட்டும் ஆருகூடவும் பேசக் கூடாதுங்க. அதுலயும் செடிக்காரங்களோட, மண்டலம் முடியற மட்டும் பேச்சே வெச்சுக்கக் கூடாதுங்க. நாப்பத்தெட்டு நாளு. ஒரு வார்த்த பேசுனாலும் மருந்து செத்துரும். மறுக்கா மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணும்."

"இத்தன வருசமா இந்த மலையில இருக்கறேன், எனக்குத் தெரியாமப் போச்சே!"

"உங்ககிட்டச் சொன்னா வைவீங்கன்னு ஆருங்க சொல்லுவாங்க?"

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. பேச ஆள் வேண்டும் என்று ஊரிலேயே பேசக் கூடாத செடியாகப் பார்த்து வளர்த்திருக்கிறேன். அதைச் சொல்லித்தர ஒருவர்கூட இல்லாமல் போனதற்கும் நான்தான் காரணம்.

செடியைப் பிடுங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிடுங்கவில்லை. அதற்குப் பிறகு முன்னறை விளக்கைப் போட்டுக்கொண்டு, காப்பி டம்ளரோடு ஜன்னலில் உட்கார ஆரம்பித்தேன். வருகிறவர்கள் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்கள். நான் தலையை அசைப்பேன். தலையசைப்பது பேச்சில் சேராது. சவுரிமுத்துவிடம் இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

மஞ்சள் நூலும் மடித்த சீட்டும்

அலமேலு வந்தது போன ஐப்பசியில். ஆத்தூர்ப் பக்கத்துக்காரி. காப்பிப் பழம் எடுக்கும் சீசனுக்குப் புருஷனோடு மலையேறி வந்து, தலைச்சோலைப் பக்கம் எஸ்டேட் லைனில் தங்கியிருந்தாள். இதெல்லாம் சவுரிமுத்து சொன்னது. நாற்பது வயதுக்குள் இருக்கும். புடவைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு. முதல் நாளே விரலில் முள் ஏறிவிட்டது. 'ஸ்' என்று ஒரு சத்தம்கூட இல்லை. விரலை வாயில் வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றைக்கு முழுவதும் எனக்கு அது போதுமாக இருந்தது.

வேலிக் கம்பியில் ஒரு மஞ்சள் நூலைக் கட்டி, பறித்து முடித்ததும் தினம் ஒரு முடிச்சுப் போடுவாள். அவள் போன பிறகு நான் போய் முடிச்சுகளை எண்ணுவேன். எண்ண வேண்டிய அவசியம் இல்லை, எனக்குத்தான் தெரியுமே. இருந்தாலும் எண்ணுவேன்.

ஒருநாள் சவுரிமுத்து சொன்னார். "அந்தப் புள்ளயோட ஊட்டுக்காரரு மாணிக்கத்துக்குத்தானுங்க மருந்து. ரெண்டு மாசமா இருமறாரு. ஆளு நொம்ப எளச்சுட்டாரு. சாயங்காலமானா காய்ச்சலு."

இந்த மூன்றையும் சேர்த்துக் கேட்டால் எந்த நர்சுக்கும் ஒரே பெயர்தான் நினைவுக்கு வரும். சளியைப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். அதை அவளிடம் சொல்ல வேண்டும். சொல்ல முடியாது.

போர்டு எழுதி மாட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். டி.பி. என்று எழுதிய வேலிப் பக்கம் யார் வருவார்கள்? அதனால் ஒரு சீட்டில், "இருமல் இரண்டு வாரம் தாண்டினால் இலை மட்டும் போதாது. ஆஸ்பத்திரியில் சளியைக் காட்டுங்கள். பயப்படாதீர்கள், குணமாகும்" என்று எழுதி, நான்காக மடித்து, பேண்டேஜ் துணியால் அவள் பறிக்கும் இடத்துக் கொடியில் கட்டினேன்.

அலமேலு அதைப் பார்த்தாள். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவிழ்க்காமல் போய்விட்டாள்.

மறுநாள் அதன் பக்கத்தில் மஞ்சள் துணி ஒன்று கட்டியிருந்தது. அதற்கு மறுநாள் இன்னொன்று. பத்து நாளில் ஏழெட்டு ஆகிவிட்டது. "உங்க வேலி இப்ப சாமி வேலியாயிப் போச்சுங்க" என்றார் சவுரிமுத்து. சர்ச்சில் கேள்விப்பட்டால் என்ன சொல்வார்களோ என்று எனக்கு ஒரு பக்கம் பயம். என்னுடைய சுகாதார அறிவிப்பை ஒருவர்கூடப் பிரித்துப் படிக்கவில்லை.

கடைசியில் சவுரிமுத்துவையே மாணிக்கத்திடம் தூது அனுப்பினேன். பதில் வந்தது. "மண்டலம் முடியட்டுமுங்க, முடிஞ்ச அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு வந்தர்றேங்கறாரு. பாதியில உட்டா ரெண்டும் கெட்டதாயிருமாமா."

நானே லைனுக்குப் போகலாம் என்று ஒருநாள் கிளம்பினேன். போனால் அலமேலுவோடு பேசாமல் எப்படி வருவது? பேசினால் மண்டலம் முறியும். அவன் இன்னொரு நாற்பத்தெட்டு நாள் தள்ளிப்போடுவான். பாதிச் சரிவில் நின்று யோசித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். இதுதான் காரணம் என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னொரு காரணமும் இருந்தது. அவள் வராமல் போய்விடுவாளோ என்ற பயம். எது பெரிய காரணம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

மறுபடியும் தரை

ஆக, நான் விழுந்த அன்றைக்கு நாற்பத்தோராவது நாள். இன்னும் ஏழே நாள், அவன் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவான். நான் ஒரு குரல் கொடுத்தால் கணக்கு முதலிலிருந்து ஆரம்பிக்கும். கணுக்கால் காத்திருக்கும், நுரையீரல் காத்திருக்காது. மறுநாள் காலை சவுரிமுத்து வரும்வரை தரையில் கிடந்தால் செத்துப்போய்விட மாட்டேன். இப்படியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன்.

அவள் போகும்போது கேட்டுக் கொண்டி இரண்டாவது முறை சத்தம் போடும். அதற்காகக் காத்திருந்தேன். சத்தம் வரவில்லை. முன்னறை விளக்கு எரியவில்லை, ஜன்னலில் ஆள் இல்லை என்பதை அவள் கவனித்திருக்க வேண்டும்.

"நர்சம்மா."

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. மெல்லிய குரலாக இருக்கும் என்று ஏனோ நினைத்து வைத்திருந்தேன். கொஞ்சம் கரகரப்பு, நல்ல சத்தம்.

"ஏனுங்க நர்சம்மா, உள்ள இருக்கறீங்களா?"

நான் அப்போதும் பதில் சொல்லவில்லை. பார்த்துக்கொள்ளுங்கள் என் முட்டாள்தனத்தை. அவள் பேசியதை யாரும் கேட்காவிட்டால் அது பேச்சில் சேராமல் போகுமோ என்று ஒரு நப்பாசை. அவள் வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடிவரும் சத்தம் கேட்டது. பின்கதவு வெறுமனே சாத்தியிருந்தது.

"அய்யோ சாமி! என்னாச்சுங்க?"

"பேசாத கண்ணு, பேசாத. நாப்பத்தொண்ணு ஆயிருச்சு."

"ஆனா ஆவுதுங்க" என்றாள். என் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "எலை போனா நாளைக்குத் துளுக்கும். நீங்க துளுப்பீங்களா?"

அவள் சட்டையில் காப்பிப் பழத்தின் புளித்த வாசனை அடித்தது. என் தலையை ஒருவர் தொட்டு எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று நினைத்தேன். அதற்குமேல் நான் அழுததைக் கணுக்கால் வலியின் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

அவள் ஓடிப்போய் மாணிக்கத்தையும் ஒரு ஜீப்பையும் கூட்டிவந்தாள். அவன்தான் என்னைத் தூக்கினான். இரண்டு அடிக்கு ஒருமுறை நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினான். முன்வாசலில் படியெல்லாம் தூதுவளை இலை சிதறிக் கிடந்தது. அவள் அங்கேயேதான் வாயைத் திறந்திருக்கிறாள்.

"நீயும் ஜீப்புல ஏறு சாமி. மண்டலந்தான் முறிஞ்சிருச்சே, இனி எதுக்குக் காத்திருக்கற?" என்றேன். அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் முன் சீட்டைக் காட்டினாள். ஏறிக்கொண்டான்.

ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் அலமேலு பேசினாள். ஊரில் அம்மாவிடம் விட்டு வந்திருக்கும் மகள், அவளுக்குக் கணக்கு வராதது, எருமை, மலைக்குளிர் எல்லாவற்றையும். நான் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டார். நடுவில் சீட்டைப் பற்றி மட்டும் கேட்டேன், ஏன் பிரித்துப் பார்க்கவில்லை என்று.

"நீங்க வேண்டிக்கிட்டுக் கட்டுனதுன்னு நெனச்சமுங்க. அடுத்தவங்க வேண்டுதலப் பிரிச்சுப் படிக்கலாமுங்களா?"

எனக்குக் கால் எலும்பு முறியவில்லை, சுளுக்குதான். அவன் சளியில் நான் பயந்ததுதான் இருந்தது. ஆறு மாதம் மாத்திரை. தவறாமல் சாப்பிட்டால் குணமாகிவிடும் என்று டாக்டரும் சொன்னார், நானும் சொன்னேன். அலமேலுவுக்கும் பரிசோதனை செய்தார்கள். அவளுக்கு ஒன்றுமில்லை.

நாற்பத்தேழு

நான் கட்டோடு படுத்திருந்த ஒரு வாரமும், எஸ்டேட் வேலை முடிந்து அலமேலு நேராக என் வீட்டுக்கு வந்தாள். தூதுவளை ரசம் வைத்தாள். நான் இடுக்கியால் எடுக்கும் முள்ளை அவள் நகத்தாலேயே சுரண்டினாள். நெய்யில் வதக்கினால் மிச்ச முள்ளும் மெத்தென்று ஆகிவிடும் என்று காட்டினாள். இருட்டுவதற்குள் லைனுக்குப் போக வேண்டும். வாசல் வரை போய், அங்கே நின்று இன்னும் கொஞ்சம் பேசுவாள். அந்த ஏழு நாளும் நான் குக்கரைத் திட்டவில்லை.

கால் ஊன்றி நடந்த அன்றைக்குச் சொன்னாள். "நாளையிலிருந்து மறுக்கா ஆரம்பிக்கறேனுங்க."

எனக்குள் இருந்த நர்ஸ் எழுந்து உட்கார்ந்தாள். மாத்திரை போதும், இலை தேவையில்லை, பேசுவதற்கும் நுரையீரலுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவளே முந்திக்கொண்டாள்.

"மாத்திர அவருக்குங்க. எலை எனக்கு. பாதியில உட்டது மனசுல குத்திக்கிட்டே இருக்குதுங்க."

"சரி கண்ணு. மாத்திரய மட்டும் ஒருநாள்கூட உட்டுராத" என்றேன். அதுதான் நாங்கள் பேசிய கடைசிப் பேச்சு.

நான் மறுத்திருக்கலாம். நான் அழுத்திச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாள். மறுத்திருந்தால், கால் சரியான பிறகு அத்தனை தூரம் நடந்து என் வீட்டுக்கு வர அவளுக்கு என்ன காரணம் இருக்கும்? பேசாத நாற்பத்தெட்டு காலைகள் எனக்கு வேண்டியிருந்தன. வாங்கிக்கொண்டேன்.

இப்போது வேலியில் புது நூல். இன்றைக்குக் காலை நாற்பத்தாறாவது முடிச்சு. மாணிக்கத்துக்கு இருமல் அடங்கி, கன்னம் கொஞ்சம் நிரம்பியிருக்கிறதாம். காப்பிப் பழமும் எடுத்து முடிந்துவிட்டது. மண்டலம் முடிந்த மறுநாள் ஊருக்குப் போகிறார்கள், மிச்ச மாத்திரையை அங்கேயே வாங்கிக்கொள்ள ஏற்பாடாகிவிட்டது என்று சவுரிமுத்து சொன்னார். நல்ல செய்திதான். நானும் நல்ல செய்தி என்றுதான் சொன்னேன். அவர் போன பிறகு டம்ளரைக் கழுவிக்கொண்டு வெகுநேரம் நின்றிருந்தேன்.

இரண்டு நாளாக ஒரு கெட்ட யோசனை என்னைச் சுற்றி வருகிறது. நாற்பத்தேழாம் நாள் காலை, அவள் கையில் இலையோடு நிற்கும்போது, ஜன்னலிலிருந்து நான் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். "அலமேலு" என்று கூப்பிட்டால்கூடப் போதும். எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். இன்னொரு நாற்பத்தெட்டு நாள். கோபித்துக்கொள்ள மாட்டாள், எனக்குத் தெரியும். புது நூல் கட்டுவாள்.

நான் நல்லவள் என்று நம்பி நீங்கள் கடிதம் எழுதுகிறீர்கள். அதனால் இதை உங்களிடம் மறைக்க மனம் வரவில்லை.

டிஸ்பென்சரியிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் பழைய கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தது. இன்று சாயங்காலம் தேடி எடுத்து, கழுவித் துடைத்து, ஜன்னல் ஓரம் வைத்திருக்கிறேன். நாளைக் காலை விளக்கைப் போட்டுவிட்டு, அதை நன்றாக உதறி என் நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காரப் போகிறேன். கேட்டுக் கொண்டி இரண்டாவது முறை சத்தம் போடும்வரை எடுக்க மாட்டேன்.